நீங்கிய காரணம்

மாற்றுச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு:
பள்ளியை விட்டு நீங்கிய காரணம்.
பதினொரு வருடம் அதில்
‘பெற்றோர் விருப்பம்’ என்றே எழுதினேன்.
பெற்றோர் விருப்பம் என்றால்
வெள்ளகோவில் நூல் மில்.
பெற்றோர் விருப்பம் என்றால்
திருப்பூரில் பிசிறு வெட்டும் மேசை,
மூன்று வருடம் கழித்து மொத்தமாய்த் தருவதாகச் சொன்ன
ஐம்பதாயிரம்.
நடத்தை: நன்று.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

மூலனூர் மேல்நிலைப் பள்ளி,
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு,
ஜூனில் நாற்பத்தொரு பேர்.
பொங்கல் முடிந்து கதவைத் திறந்தால் இருபத்தாறு.
முருங்கைக்காய் கிலோ மூன்று ரூபாய்க்கு வந்திருந்தது.
பறிகூலிக்குக் கட்டாது என்று
காட்டிலேயே முற்ற விட்டிருந்தார்கள்.
விலை விழுந்தால் வருகைப் பதிவேடும் விழுகிறது என்று
மேலே எழுதினேன், புள்ளிவிவரத்தோடு, நான்கு பக்கம்.
பதில் வந்தது:
சுற்றுச்சுவர் வர்ணத்துக்கான
பயன்பாட்டுச் சான்று இன்னும் வரவில்லை.

கட்சிக்காரர்கள் வந்தது அந்த மார்ச்சில்.
டீச்சருக்குக் கெட்ட பேர் இல்லை என்றார்கள்.
சாதிக் கணக்கும் ஒத்து வருது என்றார்கள்,
இதைக் கொஞ்சம் மெதுவாக.
இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் சரி என்றேன்.
மாட்டுத் தீவன மூட்டைகளுக்கு நடுவிலிருந்து
என் வீட்டுக்காரர் சொன்னார்:
“டெபாசிட்டுதானே? ஒரு கெடேரி போச்சுன்னு
நெனச்சுக்கறேன், போ.”

ஐந்து தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலராக
இரவெல்லாம் பெட்டிக்குக் காவல் படுத்தவள் நான்.
ஒரு சின்னத்துக்கு அடியில் என் முகம் என்பது
வேறு யாருக்கோ நடந்தது போலிருந்தது.
கன்னிவாடி முக்கில் ஜீப்பில் ஏறி நின்று
கூச்சல் தாங்காமல் “உக்காருங்க” என்றேன்.
நடுரோட்டில் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.
பின்னால் ஈரோட்டு பஸ்
ஹாரன் அடிக்கவும் பயந்து நின்றது.

மில் வாசலில், ஷிப்ட் விடும் நேரம்,
தலைமுடியில் பஞ்சோடு மகுடேஸ்வரி.
ஆ பிரிவு, மூன்றாம் பெஞ்ச், கணக்கில் தொண்ணூற்றாறு.
நோட்டீசை வாங்கி மடித்துக்கொண்டாள்.
“அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடாம
இருந்திருக்கலாமுங்க டீச்சர்.”
பிறகு “ஓட்டு உங்களுக்குத்தானுங்” என்றாள்.
அதற்கு நன்றி சொன்னேனா
என்று இப்போது நினைவில்லை.

ஜெயித்தேன். எத்தனை ஓட்டு என்பது
இனி யாருக்கும் முக்கியமில்லை.

தில்லியில் முதல் வாரம்
மணி அடித்ததும் எழுந்துவிட்டேன்,
அடுத்த பாடவேளை என்று.
உறுப்பினர்கள் போதவில்லை என்பதற்கான மணியாம் அது.
பழக்கம் விடாமல் தலை எண்ணினேன்: முப்பத்தெட்டு.
வராதவர்களிடம் காரணம் கேட்க
இங்கே எனக்கு அதிகாரம் இல்லை.

ஒரு நாள் மூன்று நிமிடம் கிடைத்தது.
முருங்கையில் தொடங்கி மில் வாசலுக்கு வருவதற்குள்
மைக்கை அணைத்தார்கள்.
காலைக் கூட்டத்தில் எண்ணூறு பேருக்கு
மைக் இல்லாமல் பேசிய தொண்டை, நிற்கவில்லை.
“உட்காருங்கள்” என்றார் அவைத்தலைவர்.
உட்கார்ந்தேன்.

நேற்று என் கேள்வி பட்டியலில் வந்தது.
எங்கள் தொகுதியில்
பள்ளியை விட்டு நின்றவர்கள் எத்தனை பேர்?
அமைச்சர் நல்ல மனிதர், நிதானமாகப் படித்தார்.
இணைப்பு இரண்டில் பள்ளிவாரியாக இருக்கிறது என்றார்.
புரட்டினேன்.
மூலனூர்: இடைநிற்றல் இல்லை.
சென்றவர்கள் அனைவரும்
முறையான மாற்றுச் சான்றிதழ் பெற்றே சென்றுள்ளனர்.
ஆதாரம், தலைமையாசிரியர் பதிவேடு.

கையெழுத்து அழகாய்த்தான் இருந்திருக்கும்.

துணைக் கேள்வி உண்டா என்று
என் பெயரைத் தப்பாக உச்சரித்து
கேட்டார்கள்.
எழுந்தேன்.